ஆட்டுப்பாலும் ஒரு விரதமும்

1919-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். ரௌலட் சட்டத்தை எவ்வாறு எதிர்ப்பது என்னும் சிந்தனையே அப்போது அவர் உள்ளத்தை நிறைத்திருந்தது. அந்நகரில் தங்கியிருந்த நாட்களில் ஒரு நாள், உறக்கமும் விழிப்பும் கலந்திருந்த விடியற்பொழுதில், அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. நாடு முழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்தி, உண்ணாமல் இருந்து, பிரார்த்தனையில் ஈடுபட்டால் என்ன என்பதே அவ்வெண்ணம். காலையில் அதை ராஜாஜியிடம் கூறினார். ஏப்ரல் 6-ஆம் நாள் நாடு அதை நிறைவேற்றிக் காட்டியது. இவ்வளவும் நீங்கள் பாடப் புத்தகங்களில் படித்திருக்கக்கூடிய வரலாறு.

பாடப் புத்தகங்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்நாட்களில் காந்தியடிகளால் நின்றுகொண்டு பேச இயலவில்லை. கூட்டங்களில் எழுந்து நின்றால் உடல் முழுவதும் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் இனிப் பிழைக்கமாட்டோம் என்றே எண்ணிப் படுக்கையில் கிடந்தார். அந்தப் படுக்கையிலிருந்து அவரை எழுப்பிச் சென்னை வரையில் நடமாட வைத்தவற்றுள் ஒன்று ஆட்டுப்பால். அது அவர் எளிதில் அருந்திய பால் அன்று. ஒரு விரதத்துக்கும் ஒரு கடமைக்கும் இடையே நின்று, மனம் நைந்து அருந்திய பால். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் ‘சத்திய சோதனை’யை ஒரு விடுமுறையில் படித்தேன். படித்து முடித்த சூட்டோடு, பால் அருந்துவதில்லை, காப்பி தொடுவதில்லை, இரவில் சோறு உண்பதில்லை என்று மூன்று உறுதிகளை மேற்கொண்டேன். நிலக்கடலையும் வாழைப்பழமுமே என் இரவு உணவு. விடுதி நண்பர்கள் வியந்தார்கள். அந்த வியப்பு எனக்கு இனித்தது. சில மாதங்களில் உடல் மெலிந்தது. தேர்வு மண்டபத்தில் எழுதுகோல் பிடித்த கை நடுங்கியது. ஊருக்குப் போனபோது என் அப்பத்தா என்னைப் பார்த்துத் திகைத்து, ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து நீட்டினாள். பால் அருந்துவதில்லை என்றேன். “இது மோருதானே அய்யா, பால் இல்லையே, குடி” என்றாள். குடித்தேன். விடுமுறை முழுவதும் நாள்தோறும் குடித்தேன். விடுதிக்குத் திரும்பிய பின்னரும் வெளியே சென்று மோர் வாங்கி அருந்திவிட்டு வருவேன். ஆயினும் நண்பர்களிடம், என் விரதம் எள்ளளவும் குறையவில்லை என்றே கூறிவந்தேன். அந்த மோரை எண்ணும்போதெல்லாம் காந்தியடிகளின் ஆட்டுப்பாலும் எனக்கு நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதை அறிய, கதையைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

1888-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிரம்பாத மோகன்தாஸ் சட்டம் பயில இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று ஒரு ஜைனத் துறவியின் முன்னிலையில் அன்னைக்கு உறுதி கூறிய பின்னரே பயணம் கிடைத்தது. லண்டனில் அவர் அரைப் பட்டினி கிடந்தார். பல நாள் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். அங்கேயே ஹென்றி சால்ட் என்பவர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அன்று முதல் உணவைப் பற்றிய ஆராய்ச்சி அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று.

அந்த ஆராய்ச்சியின்போது ஒரு சோதனை நேர்ந்தது. முட்டை மாமிசமாகாது என்று சிலர் வாதிட்டனர். உயிருள்ள பிராணி எதுவும் அதனால் துன்புறுவதில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். அதை நம்பி அவரும் முட்டை உண்டார். இரு வாரங்கள்கூட நீடிக்காத சோதனை அது. விரைவில் அவருக்குத் தெளிவு பிறந்தது. உறுதியை வாங்கியவர் அன்னை. அன்னையின் அகராதியில் முட்டையும் மாமிசமே. ஆகவே அச்சொல்லுக்குப் புதுப்பொருள் காணத் தமக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்து முட்டையை விட்டார். இந்த நிகழ்ச்சியைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். சொல்லின் எழுத்தைப் பற்றிக்கொண்டு அதன் உட்பொருளை நழுவவிடலாகாது என்பதை அவர் இருபது வயதை ஒட்டியே உணர்ந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே வினா மீண்டும் அவர் முன் வந்து நிற்கும்.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா. அங்கே அன்னை கஸ்தூரிபாவுக்கு உதிரப்போக்கு நோய் கண்டது. ரண சிகிச்சைக்குப் பின்னும் அது திரும்பத் திரும்ப வந்தது. உப்பையும் பருப்பையும் விட்டுவிடுமாறு கணவர் வற்புறுத்தினார். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கஸ்தூரிபா, விடச் சொன்னால் உங்களாலும் விட முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கணமே காந்தியடிகள் தாம் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டுவிட்டதாக அறிவித்தார். கஸ்தூரிபா பதறினார், உங்கள் இயல்பை அறிந்தும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், நானே விட்டுவிடுகிறேன், உங்கள் உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். அவர் இசையவில்லை. அம்மையார் கண்ணீர் விட்டு, உங்கள் பிடிவாதத்தை யாரால் மாற்ற முடியும் என்று அடங்கிப்போனார்.

பால் விரதம் பிறந்தது 1912-இல், ஜொஹானஸ்பர்க் நகருக்கு அருகில் இருந்த டால்ஸ்டாய் பண்ணையில். பால் புலன்களைத் தூண்டுவது என்ற கருத்து அவருக்கு முன்பே இருந்தது. கல்கத்தாவில் கறவை மாடுகளையும் எருமைகளையும் ஒட்டக் கறப்பதற்காகச் சிலர் இழைத்த கொடுமைகளைப் பற்றிய வெளியீடுகள் கைக்குக் கிடைத்தபோது மனம் பதைத்தது. நண்பர் காலன்பாக், அப்படியானால் ஏன் விட்டுவிடக் கூடாது என்றார். இருவரும் விட்டனர். அதன்பின் நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று உணவு சுருங்கியது.

விரதத்தின் முதற் பெரும் சோதனை 1914-இல் வந்தது. உலகப் போர் மூண்ட இரண்டாம் நாள், ஆகஸ்டு 6-ஆம் தேதி, அவர் லண்டன் சேர்ந்தார். சில வாரங்களில் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வீக்கம் கண்டு படுத்துவிட்டார். சிகிச்சை செய்த ஜீவராஜ் மேத்தா பால் அருந்தச் சொன்னார். காந்தியடிகள் தம் அரசியல் குருவாகப் போற்றிய கோகலேயும் வற்புறுத்தினார். ஓர் இரவு அவகாசம் கேட்டு, உறங்காது சிந்தித்தார். மற்ற உணவு விஷயங்களில் தாம் விட்டுக்கொடுக்கலாம், பால் விஷயத்தில் இயலாது என்று மறுநாள் கோகலேயிடம் அறிவித்தார். கோகலேக்கு அது உவப்பாக இல்லை. ஆயினும் அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. இந்த முறை விரதமே வென்றது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், போருக்கு ஆள் திரட்டும் பணியில் காந்தியடிகள் ஊர் ஊராக நடந்தார். அந்நாட்களில் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே அவருடைய முக்கிய உணவு. அந்த வெண்ணெயை அளவுக்கு மிஞ்சி உண்பது கேடு என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தே உண்டார். இலேசாகச் சீதபேதி தொடங்கிற்று. பட்டினி கிடந்தால் தீர்ந்துவிடும் என்று இருந்தார். அன்று ஏதோ ஒரு பண்டிகை. கஸ்தூரிபா கோதுமையில் இனிப்புக் கூழ் செய்திருந்தார். கணவர் பாலும் நெய்யும் தொடமாட்டார் என்பதற்காக நெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிச் செய்திருந்தார். பச்சைப்பயறும் ஒரு கிண்ணம் இருந்தது. சிறிது உண்ணலாம் என்று தொடங்கியவர் வயிறு நிறைய உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் கடுமையாகத் தாக்கியது.

இந்த இடத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விரதத்தின் எழுத்து இங்கே சிறிதும் மீறப்படவில்லை. கூழில் ஒரு துளி நெய் இல்லை. ஆனால் உடல் நலம் என்னும் நோக்கம் காற்றில் பறந்துவிட்டது. எதை உண்ணக்கூடாது என்பதில் விழிப்பாக இருந்தவர், எவ்வளவு உண்ணக்கூடாது என்பதில் தவறிவிட்டார். தம் நோய்க்குத் தம் அறியாமையே காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

மருந்தை மறுத்தார். வைத்தியர்கள் வந்தனர், போயினர். இறுதி நெருங்கிவிட்டது என்று எண்ணி ஆசிரமவாசிகளிடம் விடைபெறுவதுபோலப் பேசிய இரவும் ஒன்று உண்டு. பனிக்கட்டி கொண்டு ஒருவர் செய்த சிகிச்சையினால் சிறிது பசி உண்டாயிற்று. மாதேரான் மலைக்குச் சென்று பார்த்தார், பயன் இல்லை. பின்னர்ப் பம்பாயில் டாக்டர் தலால் அவரை ரண சிகிச்சைக்காகப் பரிசோதித்தார். பால் அருந்தினாலன்றி உங்கள் உடலை மீண்டும் கட்டியெழுப்ப என்னால் இயலாது என்று அவர் உறுதியாகக் கூறிவிட்டார். விரதம் இருக்கிறதே என்றார் காந்தியடிகள். என்ன விரதம் என்று டாக்டர் கேட்டார். பசுவுக்கும் எருமைக்கும் இழைக்கப்படும் கொடுமையை அறிந்து பாலை விட்ட வரலாற்றைக் காந்தியடிகள் சொன்னார்.

கட்டிலருகே கஸ்தூரிபா நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் ஆட்டுப்பாலுக்குத் தடை இராதே என்று அவர் குறுக்கிட்டார். டாக்டரும் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு, ஆட்டுப்பாலே போதும் என்றார்.

உப்பு விஷயத்தில் கண்ணீர் விட்டு அடங்கிப்போன அதே அம்மையார்தாம் இப்போது வழி கண்டார். வாதாடவில்லை; விரதத்தை விடுங்கள் என்று சொல்லவும் இல்லை. விரதத்தின் சுவரில் ஒரு சிறு கதவு இருப்பதை மட்டும் சுட்டிக் காட்டினார். எங்கள் அப்பத்தாவைப் போன்ற எத்தனையோ இல்லத்துப் பெண்கள், பிடிவாதம் மிக்க ஆண்களுக்குப் பத்தியம் வைத்துப் பழகிப் பெற்ற அறிவு அது.

காந்தியடிகள் இசைந்தார். ஏன் இசைந்தார்? 1914-இல் குருவின் சொல்லையும் மறுத்தவர், 1919-இல் இசைந்தது எதனால்? ரௌலட் மசோதாக்கள் அப்போதுதான் வெளியாகியிருந்தன. விசாரணையின்றி மக்களைச் சிறையில் அடைக்க வழிசெய்யும் அவற்றை எதிர்த்துப் போராடியே தீரவேண்டும் என்ற துடிப்பு அவருக்கு வாழும் ஆசையை உண்டாக்கியது. லண்டனில் தராசின் ஒரு தட்டில் விரதமும் மறு தட்டில் தம் உடல் நலமும் இருந்தன. பம்பாயிலோ மறு தட்டில் நாட்டின் கடமையும் ஏறி அமர்ந்துகொண்டது. தட்டு சாய்ந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் தம் சுயசரிதத்தில் காந்தியடிகள் இந்தச் சாமர்த்தியத்தைத் தாமே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார். விரதம் எடுத்தபோது தம் மனத்தில் பசுவும் எருமையும் மட்டுமே இருந்தன என்பது உண்மை. ஆனால் அதன் உட்பொருள் எல்லாப் பிராணிகளின் பாலையும் தழுவியதே. எழுத்தைக் காத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டேன் என்ற பொருள்பட எழுதுகிறார். ஆட்டுப்பாலை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் ஓயாது உறுத்திக்கொண்டிருப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். லண்டனில் முட்டையை மறுத்த இளைஞன், பம்பாயில் ஆட்டுப்பாலை ஏற்ற முதியவரைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் அது. முதியவர் அந்தக் கேள்விக்கு வாயடைக்கவில்லை. கேள்வியை அப்படியே ஏட்டில் எழுதி நம் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் அதோடும் நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது உடல்நலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் பின்னர் நூலாக வந்து பல மொழிகளில் பரவின. மனிதனுக்குத் தாய்ப்பாலுக்குப் பின் வேறு பால் வேண்டியதில்லை என்று அதில் வாதித்திருந்தார். அதை நம்பிப் பாலை விட்டவர்கள் இருந்தனர். அவர்களுக்காகவே, எல்லா வகையிலும் நன்மை தெரிந்தாலன்றி, அல்லது அனுபவமுள்ள மருத்துவர் சொன்னாலன்றி, அந்தச் சோதனையைத் தொடர வேண்டாம் என்று சுயசரிதத்தில் எச்சரித்தார். 1929-இல் சமைக்காத உணவை மட்டும் உண்ணும் சோதனையில் ஈடுபட்டு, உடல் ஒவ்வாமற்போகவே கைவிட்டார். அந்தத் தோல்வியையும் தம் பத்திரிகையில் வெளியிட்டார். 1942-இல் புனாவின் ஆகா கான் மாளிகைச் சிறையில் அமர்ந்து எழுதிய ‘ஆரோக்கியத் திறவுகோல்’ நூலில், மரக்கறி உண்பவர்கள் முழு நலத்துடன் இருக்கப் பாலும் பால் பொருள்களும் தேவை என்பதே தம் அனுபவம் என்றும், தம் பழைய கருத்திலிருந்து இது பெரிய மாற்றம் என்றும் எழுதினார். அதே மாளிகையில்தான், சிறைவாசத்தின்போது, 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபா காலமானார்.

பாலுக்கு ஈடான தாவரப் பொருள் ஒன்றை யாரேனும் கண்டுபிடித்துத் தரமாட்டார்களா என்ற ஏக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை. 1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, பிரார்த்தனைக்குப் புறப்படுமுன் அவர் உண்ட கடைசி உணவிலும் ஆட்டுப்பால் இருந்தது. அதே 1948-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் பி12 என்னும் வைட்டமினைத் தனியே பிரித்தெடுத்தனர். இதைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. பால் முதலிய பிராணிப் பொருள்களின் வழியே அது நம்மை அடைகிறது. இன்று பாலையும் விட்டவர்கள், அச்சத்து சேர்க்கப்பட்ட உணவாலோ மாத்திரையாலோ அதை ஈடு செய்துகொள்கிறார்கள். காந்தியடிகளின் சீதபேதிக்கு அதன் குறைவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மரக்கறி உணவில் பால் நிரப்பும் இடம் ஒன்று இருக்கிறது என்று அவர் தம் உடலைக் கேட்டு அறிந்ததற்குப் பிற்கால விஞ்ஞானம் ஒரு காரணத்தைக் காட்டியது என்பதே என் கருத்து.

சமரசம் என்ற சொல்லை நம் நாட்டில் உயர்ந்த பொருளிலேயே ஆண்டுவந்தனர். வள்ளலார் தம் சங்கத்தின் பெயரிலேயே அதை வைத்தார். இன்றைய பேச்சிலோ அது கொள்கையை விற்பது போன்ற ஒரு நிறம் பெற்றுவிட்டது. ஆகவேதான் இளைஞர்கள் உடல்நலப் பழக்கங்களிலும் இரண்டு துருவங்களுக்கு ஓடுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டு அன்று விடியற்காலையில் எழுந்து ஐந்து மைல் ஓடத் தொடங்குகிறார்கள். தை பிறப்பதற்குள் போர்வைக்குள் திரும்பிவிடுகிறார்கள். முழுமையாக இயலாதென்றால் சிறிதும் வேண்டாம் என்பதே அவர்கள் கணக்கு. ஐந்து மைல் இயலாத அன்று ஒரு மைல் நடக்கலாம் என்பது அவர்களுக்குத் தோல்வியாகத் தெரிகிறது.

காந்தியடிகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டவர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. 1915-இல் ஹரித்துவாரக் கும்பமேளாவின்போது, இந்தியாவில் இருக்கும் வரை ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று எடுத்த விரதத்தை அவர் காத்துவந்தார். அது தமக்கு நலம் தந்தது என்றே எழுதினார். உடலுக்குத் துணை நின்ற நெறியை உறுதியாகப் பற்றினார். உயிருக்கே உலை வைத்த நெறியில் ஒரு கதவைத் திறந்தார். எது எது என்று தெரிந்துகொள்ள அவருக்கே நெடுங்காலம் பிடித்தது. ஒரு கொடிய நோயும் வேண்டியிருந்தது.

இப்போது என் மோருக்கு வருகிறேன். நான் மோர் அருந்தியதில் தவறு இல்லை. என் அப்பத்தா சொன்னது என் உடம்புக்கு வேண்டிய சொல்தான். தவறு எங்கே நேர்ந்தது என்றால், அதை நண்பர்களிடம் மறைத்ததில். என் கூற்றை நம்பி என் அறைத் தோழன் ஒருவனும் பாலை விட்டான், அவனும் மெலிந்தான். நான் மறைவில் மோர் அருந்திக்கொண்டிருந்தேன். அவனுக்கு அதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவனிடம் உண்மையைச் சொன்னபோது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காந்தியடிகள் தம் ஆட்டுப்பாலை ஊரறிய அருந்தினார். தம்மைப் பின்பற்றியவர்களை அழைத்து, நான் விலகிய இடம் இது, நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள் என்றார். அவருடைய ஆட்டுப்பாலுக்கும் என் மோருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஆகவே, மாணவ நண்பர்களே, உணவிலோ உறக்கத்திலோ பயிற்சியிலோ ஒரு நெறியை மேற்கொள்ளும்போது அது எதற்காக என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடல் மறுக்கும் நாள் வந்தால், அந்த நோக்கத்தைப் பார்த்து, வேண்டிய அளவு தளர்த்துங்கள். தளர்த்திய அளவை உங்களை நம்பியிருப்பவர்களிடம் ஒளிக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு கஸ்தூரிபாவோ ஓர் அப்பத்தாவோ கட்டிலருகே நின்று ஏதேனும் சொன்னால், மறுப்பதற்கு முன் ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள்.